ஏழாயிரத்து இருநூறு லிட்டர்

"ஹலோ... ஹலோ, மச்சானா? நான்தான்... ஆமா, ஆமா... இல்லப்பா, சும்மாத்தான். ஏன், அக்கா புருஷன் சும்மா போன் பண்ணக் கூடாதா?"

பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, நிலவறைப் படிக்கட்டின் கடைசிக்கு முந்தின படியில் நின்றிருந்தார் கணக்கு வாத்தியார். கடைசிப் படி தண்ணீருக்குள் இருந்தது. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கைதேர்ந்த பிளம்பர். இன்றைக்கு வாத்தியார் பேசவே விரும்பாத ஒரே ஆளும் அவன்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. வருஷா வருஷம் மழைக்காலத்தில் நிலவறைச் சுவர் கசியும். "தம்பியைக் கூப்பிடுங்க" என்பாள் மனைவி. "நானே பாத்துக்கறேன்" என்பார் வாத்தியார். இந்த வருஷம் அவள் தீர்ப்பே சொல்லிவிட்டாள். இனி உள்ளே தண்ணீர் நின்றால் அந்த அறை தம்பிக்கு. அவன் பைப்புகளை அடுக்கிக்கொள்ளட்டும். வாத்தியாரின் கிளாரினெட் வாசிப்புக்கு அந்த வீட்டில் அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் அதுதான். வெளியூர் போயிருந்தவள் நாலு மணிக்கு வந்து இறங்குகிறாள். இப்போது மணி இரண்டு.

"ஒரு சந்தேகம் மச்சான்... எனக்கில்ல, எங்க ஹெட்மாஸ்டருக்கு. அவர் வீட்டு பேஸ்மென்ட்ல தண்ணி... ஆமா, ஹெட்மாஸ்டர் வீட்லதான்... பாவம், ரொம்ப நல்ல மனுஷன்... எவ்வளவா? இரு, பாக்கறேன்... பாக்கறேன்னா, அவர் சொன்னதை ஞாபகப்படுத்திப் பாக்கறேன்! இருபது சென்டிமீட்டர்."

கிளாரினெட் பெட்டி அவர் தலைமேல் இருந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையில் போனைப் பிடித்திருந்தார்.

"இல்ல, மழை காலையிலேயே விட்டாச்சு. அதான் புரியல. சுவத்து விரிசல்லேர்ந்து இன்னும் கொட்டுது... ஏன் மோட்டார் போடாம? காலையில எட்டு மணிக்கே போட்டாச்சு. அசட்டு மனுஷனா நான்... அவரு? கேளு, நிமிஷத்துக்கு இருபது லிட்டர். ஆறு மணி நேரம். ஏழாயிரத்து இருநூறு லிட்டர் வெளிய போயிருக்கு. அறையோ பன்னெண்டு சதுர மீட்டர். மொத்தத் தண்ணியே ரெண்டாயிரத்து நானூறு லிட்டர்தான். அப்ப மூணு தடவை அறை காலியாகியிருக்கணும். ஒரு இஞ்ச் கூடக் குறையல! கணக்கு தப்பில்ல மச்சான், நாலு தடவை போட்டுப் பாத்துட்டேன்... தண்ணிதான் தப்பு பண்ணுது."

மறுமுனையில் ஏதோ கேள்வி வந்தது. வாத்தியார் நெற்றியைச் சுருக்கினார்.

"ஹோஸோட முனையா? வெளியதான்... வெளியன்னா, ஜன்னலுக்கு நேரா, சுவரை ஒட்டினாப்ல பூப்பாத்தி இருக்கு, அதுல... ஹோஸ் அவ்வளவு தூரம்தான் வந்துது. நகராம இருக்க மேல ஒரு செங்கல்லும் வெச்சிருக்கு, நேர்த்தியா... ஏன் சிரிக்கிற?... ஏய், சிரிக்காம சொல்லு!... என்னது? நீலமா? துணிக்குப் போடற சொட்டு நீலமா?... சரி, சரி, லைன்லயே இரு, அவரைப் போடச் சொல்றேன்."

மேலே ஓடிப் பெட்டியை வைத்தார், பாட்டிலோடு கீழே வந்தார், மோட்டார் இருந்த குழியருகே கவிழ்த்தார்.

"போட்டாச்சு... என்ன, ரெண்டு மூடி போதுமா? முன்னாடியே சொல்ல மாட்டியா? முழு பாட்டில் போயிடுச்சே!... இரு... ஒண்ணும் ஆகல... இன்னும் ஒண்ணும்... ஐயோ மச்சான்! விரிசல்லேர்ந்து நீலமா வருது! சுவரே நீலமா அழுவுது!"

அவர் குரல் இறங்கியது.

"அப்ப... காலையிலேர்ந்து... நான் வெளிய அனுப்பின தண்ணியேதான் மண்ணுல இறங்கி, விரிசல் வழியா... திரும்ப உள்ள... ஆறு மணி நேரமா..."

இருபது வருஷமாகத் தொட்டிக் கணக்கு நடத்துபவர். இந்தக் குழாய் நிரப்பும், அந்தக் குழாய் காலி செய்யும் என்று எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்!

"ஆமா, தெருப்பக்கம் பெரிய வடிகால் இருக்கு... இன்னொரு ஹோஸ் இணைச்சு... சரி, போறேன்."

ஐந்து நிமிஷம் போனில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டிருக்கும்.

"நின்னுடுச்சு மச்சான்! சுவர் அழறதை நிறுத்திடுச்சு! ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடும், கணக்கு சரியா வருது!... ம்... ம்... கூரைத் தண்ணிக் குழாயும் அப்படித்தானா? சுவரடியில விடாம ஆறடி தள்ளி விடணும்... பாத்தி மண்ணு வெளிப்பக்கமா சரியணும்... எங்க பாத்தி வீட்டைப் பாத்துத்தான் சரியுது... கூரைச் சருகை மழைக்கு முன்னாடியே வாரணும்... விரிசலைச் சுவர் காஞ்சப்புறம் அடைக்கணும். எல்லாம் சொல்லிடறேன், ஹெட்மாஸ்டர் சந்தோஷப்படுவாரு... என்ன?"

வாத்தியாரின் முகம் வெளிறியது.

"அவர் வீடு நாலாவது மாடியா?... நீதான் அங்க பைப் மாத்தினியா?... முதல்லயே தெரியும்னா ஏண்டா இவ்வளவு நேரம்... அக்காகிட்ட சொல்லிடாத, கையெடுத்துக் கும்பிடறேன்! அறை உனக்குப் போயிடும்... வேண்டாமா? பைப் வைக்க வேண்டாமா? தங்கமான பிள்ளை! பின்ன என்ன வேணும்?... டிரம்மா?... எந்த டிரம், தண்ணி டிரம்மா?... அடிக்கிற டிரம்மா! நீயா? வாரம் மூணு நாளா? இந்தச் சின்ன அறையிலயா? அந்தச் சத்தத்தை மனுஷன் தாங்குவானா?... என்ன சொன்ன? என் வாசிப்பைப் பத்தி உங்க அக்கா அதையேதான் சொல்றாளா?... உன் பொண்டாட்டியுமா?... அடுத்த வீட்டுக்காரரும்?... போதும்! சங்கீதம் தெரியாத கும்பல்! எனக்கு உன் உதவியே வேண்டாம், வைடா போனை!"

வைத்துவிட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறையைப் பார்த்தார். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்க இறங்க, வெள்ளைச் சுவரில் நாலு பக்கமும் அளவுகோல் வைத்துப் போட்டாற்போல் ஒரு நீலக் கோடு வெளிப்பட்டது. குனிந்தார். இரண்டு முழங்காலும் நீலம்.

மறுபடி எண்ணை அழுத்தினார்.

"ஹலோ... மச்சான்... மாப்ளே... கோவிச்சுக்கிட்டியா என்ன?... இல்ல, சும்மாத்தான்... ஒரு டப்பா வெள்ளை பெயின்ட்டோட மூணு மணிக்குள்ள வர முடியுமா?... சரி... சரி... சரிடா... அந்த டிரம்மை எந்த மூலையில வைக்கப்போற?"