ஒற்றை லைட்டோடு வந்த கார்

இராமநாதபுரம் ஜில்லா, சாத்தூர் தாலுகா, வெம்பக்கோட்டைக்கு மேற்கே உள்ள பட்டாசுக் கம்பெனியில் நடந்த வெடிவிபத்து சம்பந்தமான மரண விசாரணையில், 1961-ம் வருஷம் நவம்பர் மாதம் 2-ந் தேதி பிற்பகல் சப் மாஜிஸ்திரேட் முன்பாகப் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

பெயர்: ஞானபூரணி. வயது: 36. கணவர் பெயர்: ராஜசிங். மதம்: கிறிஸ்தவம். தொழில்: மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருப்பிடம்: வெம்பக்கோட்டை, சர்ச் தெரு. சத்தியம் செய்துகொண்டு சொல்வதாவது:

என் கணவருக்கு விரோதமாகப் போகக்கூடிய சங்கதிகளை நான் சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. எனக்குத் தமிழ் நன்றாகவே விளங்கும். விளங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

என் கணவர் முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டி வருகிறார். அந்தக் காரின் ஹெட்லைட் இரண்டும் பெயருக்குத்தான் லைட். அவை எரிகின்றனவா என்று பார்க்கவே இன்னொரு விளக்கு வேண்டும். போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அந்தக் காரில் சிவகாசிக்குக் கொண்டுபோனபோது, வளைவில் பாதை தெரியாமல் கார் ஓடைக்குள் இறங்கிவிட்டது. ஆள் கூட்டி வந்து வண்டியைத் தூக்குவதற்குள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. இறந்த குழந்தையைக் காருக்குள் வைத்து நான்தான் எடுத்தேன். வீட்டுக்குத் திரும்பியதும் என் கணவரிடம், லைட்டை மாற்றாமல் இனி என் நோயாளி யாரையும் இந்தக் காரில் ஏற்ற விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஆகையால் லைட்டை மாற்றச் சொன்னது நான்தான். இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு இந்த வருஷம் ஆடி மாதத்தில் என் கணவர் மதுரைக்குப் போய், மிலிட்டரி லாரியில் கழற்றிய பெரிய ஹெட்லைட் இரண்டு வாங்கி வந்தார். வீட்டு முற்றத்திலேயே மாற்றினார். பழைய லைட்டுகளைக் கழற்றிய பிறகு, புதியவை அந்த இடத்தில் சரியாக உட்காராததால், மண்ணெண்ணெய்த் தகரத்தை வளையமாக வெட்டி வைத்துப் பொருத்தினார். பழைய வயர் இந்த லைட்டைத் தாங்காது, சூடேறிவிடும் என்று பாட்டரியிலிருந்து புதிதாகத் தடித்த வயர் இழுத்தார். வயரை முறுக்கிச் சேர்த்த இடங்களில் சுற்றுவதற்குக் கறுப்பு டேப் ஊரில் கிடைக்கவில்லை. என் பையிலிருந்த ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியைக் கொடுத்தேன். புண்ணுக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரிதான். அவர் சுற்றிய ஒவ்வொரு சுற்றையும் நான் பக்கத்தில் நின்று பிடித்துக் கொடுத்தேன். கழற்றிய பழைய லைட்டில் ஒன்றைப் பரணில் போட்டார். மற்றொன்றின் கிண்ணத்தை நான் எடுத்து முற்றத்தில் கோழிகளுக்குத் தவிடு கரைத்த தண்ணீர் வைத்தேன்.

அன்று இருட்டியதும் காரைச் சர்ச் சுவருக்கு எதிரே நிறுத்தி, சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, இரண்டு லைட்டும் கோட்டுக்குக் கீழே விழும்படி திருப்பி வைத்தார். பிறகு ரோட்டுப் பக்கம் திருப்பியபோது வெளிச்சம் கண்மாய்க் கரைப் பனைமரம் வரைக்கும் போனது. தெருப் பெண்கள் கூடி நின்று, "நர்சம்மா வீட்டுல பகலை வெலைக்கு வாங்கிட்டாக" என்று கேலி பேசினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த லைட்டில் ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் பிரசவக் கேசுகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம்.

அந்த வெளிச்சத்தை மேற்படி கம்பெனியின் போர்மேன் நல்லசிவம் என்பவரும் பார்த்திருக்கிறார். தீபாவளிச் சீசனில் ஆர்டர் முடியாமல் லாரி வாசலில் நிற்கும். ஆனால் வெடிமருந்து இருக்கிற அறைக்குள் எந்த விளக்கும் கொண்டுபோகக் கூடாது, பொழுது சாய்ந்தால் பெண்களை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்பது சட்டம். நல்லசிவம் எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவரிடம், சாயங்காலம் காரைச் சரம் பின்னுகிற அறை வாசலுக்கு எதிரே தள்ளி நிறுத்தி லைட்டைப் போடும்படி கேட்டார். நான் குறுக்கிட்டு, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்டேன். அதற்கு அவர், "வெளக்குத்தான் உள்ள வரக்கூடாது நர்சம்மா, வெளிச்சம் வரலாம்ல. காரு அங்கன தூரத்துல நிக்கப்போகுது. இதுல என்ன ஆபத்தக் கண்டீக?" என்றார். அப்போது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என் கணவர் அன்று முதல் சாயங்காலமானால் காரைக் கம்பெனிக்குக் கொண்டுபோனார்.

அதன் பிறகு போன வாரம் குருவம்மாள் என்பவள் கண் எரிச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவள் கீழத்தெரு சங்கிலிமுத்துவின் மனைவி. அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பிரசவம் பார்த்தது நான். அவள் சொன்னதாவது: "வாசலப் பாத்து ஒக்காந்தா காரு லைட்டு கண்ணக் குத்துது. திரும்பி ஒக்காந்தா எங்க நெழலே சரத்து மேல விளுது. ஒண்ணுந் தெரியலம்மா. நாளைக்கு ஒரு லைட்டக் கழத்திக் கொண்டாந்து பின்னாடி சன்னல்ல கட்டித் தாறேன்னு போர்மேன் சொல்லியிருக்காக." கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டு அவளை அனுப்பிவிட்டு, அன்றைக்கே என் கணவரிடம் லைட்டைக் காரை விட்டுப் பிரிக்கக் கூடாது என்று சொன்னேன். அவர், "நான் என்ன கிறுக்கனா பூரணம்?" என்று கேட்டார். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், ஹாரன் வயர் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, பையில் மிச்சமிருந்த பிளாஸ்திரியைக் கேட்டார். கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் மங்கிய பிறகு மேற்கே வெடிச் சத்தம் கேட்டது. சீசனில் சோதனைக்கு வெடிப்பது வழக்கம். ஆனால் இது அந்தச் சத்தம் இல்லை. ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. படுக்கைகளைத் தயார் செய்துவிட்டு நான் வாசலில் நின்றேன். ரோட்டில் ஒற்றை லைட் ஒன்று வந்தது. யாரோ மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்த பிறகுதான் அது எங்கள் கார் என்று தெரிந்தது. வலது பக்க லைட் இருந்த இடத்தில் தகர வளையம் மட்டும் இருந்தது. அதிலிருந்து ஒரு வயர் தொங்கியது. வயர் முனையில் பிளாஸ்திரி கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. என் கணவருக்குப் புருவம் பொசுங்கியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காரிலும் லாரியிலுமாக ஐந்து பெண்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பேசக்கூடிய நிலையில் இருந்தவள் குருவம்மாள் ஒருத்திதான். டாக்டர் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். குருவம்மாளின் சேலை உடம்போடு ஒட்டியிருந்ததால் நான் அதைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் என்னிடம் சொன்னதை மாற்றாமல் சொல்கிறேன்: "சன்னல்ல இருந்து வயரு தொங்கிச்சும்மா. செல்லத்தாய் எந்திரிக்கையில அவ காலு இடறி வயரு பிடுங்கிக்கிடுச்சு. பட்டுன்னு ஒரு பொறி. அம்புட்டுத்தான்." பிறகு, "பிள்ளைகள இங்கன கூட்டியாந்துறாதீக, பயந்துரும்" என்றாள். விடிவதற்குள் குருவம்மாளும் செல்லத்தாயும் இறந்துவிட்டார்கள். மற்ற மூவரில் ஒருத்தி மறுநாள் இறந்தாள். மிச்சமுள்ள இருவரும் இன்னும் பேசும் நிலையில் இல்லை.

அதன் பிறகு கம்பெனித் தரப்பில், அன்று பொழுது சாய்ந்தபின் வேலையே நடக்கவில்லை என்றும், குருவம்மாள் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்கு வெடி திருடுவதற்காகச் சிம்னி விளக்கோடு உள்ளே போனாள் என்றும், மற்றப் பெண்கள் அவளுக்குத் துணைக்குப் போனார்கள் என்றும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். செத்தவளைத் திருடியாக்கினால் யாரும் நஷ்டஈடு தரவேண்டியதில்லை. இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இந்தக் காகிதத்தில் எழுத முடியாது. என் கணவரும் நேற்று இதே இடத்தில், காரில் லைட்டையே மாற்றவில்லை, கார் அன்று கம்பெனிக்கே போகவில்லை, வெடிச் சத்தம் கேட்ட பிறகுதான் உதவிக்கு எடுத்துப் போனேன் என்று சொல்லியிருக்கிறார். போலீசார் காரைப் பார்த்தபோது பழைய லைட் இரண்டும் அதன் இடத்தில் இருந்தன.

அதற்கு நான் சொல்வது: விபத்து நடந்த மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, முற்றத்தில் கோழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெறும் தரையைக் கொத்திக்கொண்டிருந்தன. தண்ணீர்க் கிண்ணத்தைக் காணோம். காரைப் பார்த்தேன். வலது பக்க லைட்டின் கண்ணாடிக்குள் கோழித் தவிடு காய்ந்து ஒட்டியிருந்தது. அவசரத்தில் கழுவாமலே மாட்டியிருக்கிறார். தண்ணீர் இறைக்கக் கிணற்றடிக்குப் போனேன். வாளி கிணற்றின் அடியில் ஏதோ தகரத்தின் மேல் இடித்தது. எட்டிப் பார்த்தேன். மிச்சமிருந்த ஒரு மிலிட்டரி லைட் கிணற்றில் கிடக்கிறது. கோடையில் தூர்வாரிய கிணறு. ஆள் இறங்கினால் எடுத்துவிடலாம். அதன் வயரில் சுற்றியிருப்பது என் பிளாஸ்திரி.

என் கணவர் கெட்டவர் அல்ல. யாரையும் கொல்ல நினைக்கிறவரும் அல்ல. போர்மேன் சொன்னதை அவர் தட்டவில்லை, என்னிடம் பொய் சொன்னார், அதன் பிறகு பயந்துபோனார். பதினைந்து வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறேன். அவர் ஜெயிலுக்குப் போவதை நான் விரும்பவில்லை. ஆனால் குருவம்மாள் திருடியென்று எழுதிவைப்பதற்கு நான் உயிரோடு இருக்கும்போது விடமாட்டேன்.

குருவம்மாளின் புருஷன் சங்கிலிமுத்து இந்த ஆபீசு வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய மனைவி சொன்ன பகுதியை மட்டுமாவது அவருக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் இங்கே என்ன சொல்ல வந்தேன் என்பது என் கணவருக்குத் தெரியாது. அவர்தான் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். வேப்பமரத்தடியில் காத்திருக்கிறார். பழைய லைட்டில் பாதை தெரியாது, பொழுதடைவதற்குள் வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார்.

மேலே கண்டவை என் கண்ணால் கண்டதும் என் காதால் கேட்டதுமாகும். கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. வாசித்துக் காட்டப்பட்டது. சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ரா. ஞானபூரணி, நர்ஸ்