உபவாசப் பலகையில் அழிந்த பெயர்

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் அவர்களே, பக்கத்தில் தலைகுனிந்திருக்கும் மரக்கடை மூப்பர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி, பிள்ளைகளே, திருச்சபையாரே! வணக்கம். அன்பான வணக்கம் என்று சொல்ல இன்று எனக்கு வாய் வரவில்லை.

பள்ளி பஸ் ஓட்டிய நம் டிரைவர் அண்ணனை இந்த இரங்கல் கூட்டத்தில் எத்தனை அழகாகப் புகழ்ந்தீர்கள்! உத்தமர் என்றீர்கள், ஊழியர் என்றீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பு என்ன சொன்னீர்கள்? வயிற்றைக் கட்டத் தெரியாதவர் என்று சொல்லவில்லையா?

அதே பள்ளியில் இன்னொரு பஸ்ஸை ஓட்டுகிறவன் நான். கையெழுத்து நன்றாக இருப்பதால் ஆலய வாசலில் உள்ள உபவாசப் பலகையும் என் பொறுப்பு. லெந்து என்ற நாற்பது நாள் தவக்காலம் பிறந்ததும் எல்லார் பெயரும் அதில் ஏறும். பகல் மூன்று மணிக்கு முன் சாப்பிட்டு மாட்டிக்கொண்டவர் பெயர் அழியும். மதியம் மரக்கடைக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தி அண்ணன் சாப்பிட்டதை மூப்பர் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா, பேரு பலகையில, சோறு வாயிலயா?"

எல்லோரும் சிரித்தீர்கள். "தப்புதான் மூப்பரே" என்றார் அண்ணன். நான் பெயரை அழித்தேன்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டுச் சாப்பிடாவிட்டால் கண் இருட்டும். பின்னால் நாற்பது பிள்ளைகள்! வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்தார். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தே அழித்தேன்.

போன சனிக்கிழமை காலையில் போன் செய்தார்.

"இன்னைக்குப் பசங்க இல்லடா. ஒருநாளாச்சும் உபவாசம் இருந்து பாக்குறேன். என் பேரை மறுபடி எழுதிடு."

"சரிண்ணே" என்றேன். "சாப்பிடுண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னேனா? பழக்கத்தில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பஸ்ஸைக் கழுவப் போனவர் ஷெட்டிலேயே விழுந்தார். மெக்கானிக் போய்ப் பார்க்கும்போது குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் திறக்காமல் சீட்டின் மேல் இருந்தது.

இதுவா உபவாசம்? நம் ஆண்டவர் வனாந்தரத்தில் நாற்பது நாள் பசியோடு இருந்தாரே, அவர் பெயரை எந்த வாசலில் எழுதி வைத்தார்கள்? யார் எட்டிப் பார்த்தார்கள்? மனுஷனுக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்க வேண்டியதை நாம் வருகைப்பதிவேடு ஆக்கினோம். மூன்று மணி ஆனதும் இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாக முடிப்பவர் பெயர் பலகையில் முதலாவது. பிள்ளைகளுக்காகச் சாப்பிட்டு, அதற்குத் திட்டும் வாங்கி, வாய் திறக்காமல் இருந்தவருக்கு அதில் இடமில்லை. மூப்பரே, உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அழித்த துணி என் கையில்தான் இருந்தது.

அண்ணன் விட்ட பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். பலகையைக் காலையிலேயே கழற்றி என் பஸ்ஸில் போட்டுவிட்டேன். திரும்ப மாட்ட வேண்டும் என்பவர், அதோ அண்ணி இருக்கிறார், அவரிடம் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள். நாளையிலிருந்து அண்ணனுடைய பஸ் பிள்ளைகளையும் சேர்த்து நான்தான் ஏற்றிப் போகிறேன். மதியம் அதே இடத்தில் பஸ்ஸை நிறுத்திச் சாப்பிடுவேன்.

ஜன்னல் திறந்தே இருக்கும். எட்டிப் பார்க்கலாம்.