ஆழம் பூஜ்யம்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, எங்கள் அலுவலக இயந்திரமும் இப்படித்தான் கொட்டும். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

பெருமழை பெய்தால் நகரத்தில் எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. தெருக்களும் சாக்கடைகளும் சொன்னபடி கேட்கும், தலைவலி கட்டடங்களால்தான். சின்ன வீடுகளுக்குள் தண்ணீர் நுழைய விட்டேன். அடுக்குமாடிகளை மட்டும் முழுப் பாறைகளாக வைத்தேன். தண்ணீர் வந்து மோதும், சுற்றிக்கொண்டு போய்விடும். கணக்கு சீக்கிரம் முடியும், படமும் லட்சணமாக இருக்கும்.

பாறைக்குள் தண்ணீர் போகாது அல்லவா. அதனால் அடுக்குமாடிகளுக்குள் ஆழம் எப்போதும் பூஜ்யம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் காட்டும் கட்டடங்களுக்கு மட்டும் எச்சரிக்கை போகும். அந்தப் பட்டியலையும் அதே கணினிதான் எடுத்துக் கொடுத்தது.

புதிதாகச் சேர்ந்த பொறியாளர் பெண் கூட்டத்தில் எழுந்தாள்.

"சார், அடுக்குமாடி பேஸ்மென்ட்ல ஆளுங்க குடியிருக்காங்களே. வாசல்ல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு பார்த்து அவங்களையும் சேர்க்க வேணாமா?"

"நீ முதல்ல ஒரு குடை வாங்கும்மா. அப்புறம் வெள்ளத்தைப் பத்திப் பேசலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலையே தனியாகச் சரிபார்த்தேன். அவள் சொன்னது சரிதான். திருத்த அரை நாள் போதும். ஆனால் வரைபடத்தில் என் கையெழுத்து விழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, மேலிடத்தில் பாராட்டும் வாங்கியாகிவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்று வெட்கமாக இருந்தது. இப்படியொரு மழை என் பணிக்காலத்தில் வராது என்று ஃபைலை மூடினேன்.

மூன்றே வாரத்தில் வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பட்டியல்படி எச்சரிக்கை போனது. சின்ன வீட்டுக்காரர்கள் எல்லோரும் மேட்டுக்குப் போய்விட்டார்கள். அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

என் தங்கை தையல் வேலை செய்பவள். ஒரு அடுக்குமாடியில், தரைக்குக் கீழே இருந்த அறைகளில் ஒன்றில் குடியிருந்தாள். அங்கே மொத்தம் பதினோரு குடும்பங்கள். அவளுக்கு போன் செய்தேன்.

"உடனே கிளம்பி வா. அண்ணிக்கு உடம்பு சரியில்ல."

பொய்தான். என் மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் என்கிட்ட இருக்காங்கண்ணா. அவங்கம்மா வேலைக்குப் போயிருக்கா. கூட்டிட்டு வரட்டுமா?"

பதற்றத்தில் பேசியதாக எழுதிவிடாதீர்கள். நான் யோசித்தேன். பிள்ளைகளோடு கிளம்பினால் ஏன், எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். இவளுக்கு வாயில் எதுவும் நிற்காது. அண்ணன் கூப்பிட்டான் என்பாள். பட்டியலில் இல்லாத கட்டடத்தில் தண்ணீர் வரும் என்று அண்ணனுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி, நேராக என் மேசைக்கு வந்து நிற்கும்.

"வேணாம், அவங்க அங்கேயே இருக்கட்டும். ஒரு மணி நேரத்துல நீ திரும்பிடலாம்" என்றேன்.

வந்தாள். தலையைத் துவட்டி முடிப்பதற்குள் அங்கே தண்ணீர் படியிறங்கிவிட்டது. ஒன்பது பேர். அந்தப் பையனுக்கு ஆறு வயது, அவன் தங்கச்சிக்கு நாலு.

உங்களிடம் வந்து சொன்னவள் என் தங்கைதான் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. உயிரோடு இருக்கிறாளே, அது போதும்.

அவள் அறைக் கதவைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், வெளியே பூட்டிவிட்டு வரச் சொன்னது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள்; மழைத் தண்ணீரில் விளையாடப் போய் ஏதாவது ஆகிவிட்டால் அவர்கள் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?