கன்னிமார் மேட்டைச் சுற்றி ஒரு பந்தயம்

— ஏரிக்குள்ள வண்டல் அள்ளின குழியை மண்ணைப் போட்டுத் தூத்து, மேல தண்ணி தெளிச்சுட்டா அது பாதை ஆயிருமா மாப்ள? கெழக்கு வளைவுல காலை வெச்சேன், கணுக்கால் வரைக்கும் உள்ள போகுது. இதுல மோட்டார் ஓடோணுமா, நெல்லு நடோணுமா?

— மெதுவாப் பேசுங்க மச்சான். சனம் பார்க்குது.

— பார்க்கட்டும். சின்னுசாமி மாப்ள போட்ட பந்தயப் பாதையோட லட்சணத்தை வெண்ணந்தூர் முழுக்கப் பார்க்கட்டும். ஏரி வத்தினதும் வண்டல் அள்ள எவனையும் உடாதேன்னு மாசியிலயே சொன்னனா இல்லியா?

— ஏரி என்ன எங்கப்பன் ஊட்டுச் சொத்துங்களா? கோடையில வண்டல் அள்ளிக் காட்டுக்குப் போடறது ஊருக்கு உள்ள உரிமை. மருதாசலம் மச்சானோட மோட்டார் வருது, அதனால எவனும் வெள்ளாமை பண்ணாதீங்கன்னு தண்டோராப் போடச் சொல்றீங்களா? அத்தனை குழியையும் தூத்து, மாடு நுரை தள்ளக் கல்லுருளை இழுத்திருக்கறேன். பாதை நல்ல பாதைங்க. உங்க வண்டிதான் வண்டியே இல்லை.

— என்ன சொன்னே?

— அடுப்புன்னு சொன்னேன். அடுப்புக்குச் சக்கரம் மாட்டிக் கொண்டாந்திருக்கறீங்க.

— கேளு மாப்ள, தெரியாததைப் பேசாதே. பர்மாவுல ஜப்பான்காரன் பூந்ததுல இருந்து பெட்ரோல் கூப்பனுக்கு நாய் படாத பாடு. இந்தக் கரி கேஸ் இல்லாட்டிச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவுல ஒரு பஸ்ஸு ஓடாது. தொட்டியில கருவேலங் கரியைப் போட்டு மூட்டறோம், அதுல கிளம்பற புகையைக் குளிர வெச்சு, வடிகட்டி எஞ்சினுக்குள்ள உடறோம். பெட்ரோல் செய்யற வேலையை அந்தப் புகை செய்யுது. மரம் நம்மூரு மரம், கரி நம்மூருக் கரி. இதைவிட ஒரு எஞ்சினுக்கு என்ன பெருமை வேணும்?

— வேகம் வேணுங்க. மேடு வந்துட்டா உள்ள உக்காந்திருக்கறவன் எறங்கித் தள்ளோணும். காலையில கைச்சக்கரத்தைச் சுத்தி ஊத ஆரம்பிச்சா, அது மூச்சு உட்டு எந்திரிக்கறதுக்குள்ள நான் பால் கறந்து, கம்மங்கூழ் குடிச்சு, ஒரு தூக்கமும் போட்டுட்டு வந்துருவேன். பந்தயம்னா பெட்ரோல்தான் மச்சான். மத்ததெல்லாம் சாம்பிராணி போடற சங்கதி.

— அது பஸ்ஸு. இது பந்தயத்துக்குன்னே நான் பண்ணினது. குளிர வெக்கற குழாயை நீளமாக்கி, எஞ்சின் தலையைச் சீவி அழுத்தத்தை ஏத்தியிருக்கறேன். ராசிபுரம் ரோட்டுல திருச்செங்கோட்டு மில்காரர் பெட்ரோல் வண்டியை முந்திச்சு, தெரியுமா உனக்கு?

— தெரியுங்க. மில்காரர் மாட்டு வண்டிக்கு வழி உட்டு ஓரமா நின்னுக்கிட்டிருந்தாரு.

— உனக்கு இந்த நக்கல் மட்டும் கொறையாது. ஒரு கதை சொல்றேன் கேளு. ஒரு நண்டு ஊடு கட்டிச்சாம். தான் பக்கவாட்டுல நடக்கறதால, வாசலையும் பக்கவாட்டுல நொழையற மாதிரியே வெச்சுதாம். விருந்துக்கு வந்த தவளை நேரா வந்து முட்டிக்கிச்சு. நண்டு சொல்லிச்சாம், வாசல்ல ஒரு கோளாறும் இல்லை, உனக்குத்தான் நடக்கத் தெரியலைன்னு. அந்த நண்டு நீதான்.

— கதை நல்லா இருக்குதுங்க. அந்தத் தவளை எதுக்கு விலாவுல கரிச்சட்டியைக் கட்டிக்கிட்டு விருந்துக்கு வந்துச்சுன்னு மட்டும் சொல்லாம உட்டுட்டீங்க.

— அடிச்சேன்னா பாரு… இரு. இந்த வண்டிக மூஞ்சியெல்லாம் எதுக்கு இந்தப் பக்கம் பார்த்து நிக்குது?

— பந்தயம் அந்தப் பக்கம்தான் போகுதுங்க. வலமா.

— வலமாவா? தை மாசம் என் ஊட்டுல உக்காந்து, ஏற்காட்டு எஸ்டேட் தொரை கொடுத்த புஸ்தகத்தை விரிச்சு வெச்சு, சீமையில சுத்தற மாதிரி இடமாத்தான் சுத்தறோம்னு சொன்னது யாரு?

— நான்தானுங்க. அப்பறம் ஊர்க்கவுண்டர் வந்து, பாதைக்குப் போட்டிருந்த கோட்டைப் பார்த்தாரு. ஏரிக்கு நடுவுல மேட்டு மேல கன்னிமார் இருக்கறாங்க மச்சான். சாமியை இடப்பக்கம் உட்டு யாருங்க சுத்துவாங்க? சுடுகாட்டுல கொள்ளிக்குடம் தூக்கறவன்தான் இடமாச் சுத்துவான். வலமாச் சுத்தினா பந்தயம், இல்லாட்டி ஏரிக்குள்ள ஒரு சக்கரம் எறங்காதுன்னுட்டாரு.

— அடப்பாவி. என் கரித்தொட்டி எந்தப் பக்கம் இருக்குது, கண்ணுல படுதா?

— இடது பக்கம்.

— ஏன் அங்க வெச்சேன்? இடமாச் சுத்தினா வளைவுல வண்டி வலது பக்கம் சாயப் பார்க்கும். இடப்பக்கத்துல தொட்டியோட பாரம் அதை அமுத்திப் பிடிக்கும். அதுக்கு வெச்சேன். இப்ப வலமாத் திரும்பினா வண்டி எந்தப் பக்கம் சாயும்?

— தொட்டி இருக்கற பக்கம்.

— கெழக்கு வளைவுல மண்ணு இளகிக் கெடக்குது. உள்ள கனகனன்னு நெருப்பு. சாஞ்சா வண்டி கவுரும், தொட்டி ஒடைஞ்சு மேல கொட்டும்.

— அப்பத் தொட்டியை வலது பக்கம் மாத்துங்க.

— அது ஓட்டறவன் ஏறுற பக்கம். அடுப்பை மடியில வெச்சுக்கிட்டு ஓட்டுவானா? ஓட்டறது யாரு, அதாவது நெனப்பு இருக்குதா? எந்தம்பி சென்னியப்பன். உன் கூடப் பொறந்தவ புருசன். ஏன் எங்கிட்ட முன்னாலயே சொல்லலே?

— சொன்னா வண்டியைக் கொண்டாந்திருப்பீங்களா? தம்மம்பட்டியில இருந்து இளம்பிள்ளை வரைக்கும் வண்டி கட்டிக்கிட்டு சனம் வந்திருக்குது. மில்காரர் பெட்ரோல் வண்டியைப் பார்க்கவா வந்தாங்க? கரி தின்னு ஓடற வண்டியைப் பார்க்க வந்தாங்க. நீங்க வரலீன்னா எனக்குப் பந்தயமே இல்லை.

— அப்பத் திட்டம் போட்டுத்தான் பண்ணியிருக்கறே. போ, போயி ஊர்க்கவுண்டர்கிட்டச் சொல்லு. கெழக்கு வளைவு சரியில்லை, பந்தயம் இன்னைக்கு இல்லைன்னு.

— நான் எதுக்குங்க சொல்லோணும்? பாதை நல்லாத்தான் இருக்குது. நீங்க போயிச் சொல்லுங்க, என் வண்டி வளைவுல நிக்காது, ஓட்ட முடியாதுன்னு.

— என் வண்டி நிக்காதுன்னு நான் சொல்றதா? மில்காரன் அங்க நின்னு பல்லைக் காட்டிக்கிட்டிருக்கறான்.

— அவன் எனக்கு மட்டும் மாலையாப் போடுவான்? பாதை போடத் தெரியாதவன்னு சந்தைக்குச் சந்தை சொல்லுவான்.

— நீ சொல்லு.

— நீங்க சொல்லுங்க.

— ஏனுங்கண்ணா, எதைச் சொல்றதுக்கு இந்தக் கூப்பாடு? கன்னிமார் மேடு வரைக்கும் கேக்குது.

— ஆத்தாயி, நீ எதுக்கு இங்க வாரே? பொம்பளைக இருக்கற பக்கம் போ.

— காப்புத் தட்டைக் கொண்டாந்தேன். அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு சொல்லு. வண்டி கவுருமா, கவுராதா?

— பாதையில ஒரு கோளாறும் இல்லை. வண்டி ஒழுங்கா இருந்தாக் கவுராது.

— மாமா, நீங்க சொல்லுங்க.

— வண்டியில ஒரு கொறையும் இல்லை ஆத்தாயி. பாதை ஒழுங்கா இருந்தாக் கவுராது.

— நல்லாச் சொன்னீங்க ரெண்டு பேரும். நண்டுக் கதையைக் கேட்டுக்கிட்டேதானுங்க மாமா வந்தேன். நண்டு எங்கண்ணன், சரி. அந்தத் தவளை நீங்களா, உங்க தம்பியா?

— அது… பேச்சுக்குச் சொன்னது.

— அவரு உங்களை எதுத்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு. அண்ணன் ஏறுன்னா ஏறுவாரு. பச்சமுத்தும் அப்படித்தான். பக்கத்துல உக்காந்து கரி கிளறுன்னா கிளறுவான், அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குது. வாயைத் தொறந்து ஒருத்தர் நிறுத்துங்கன்னா நின்னு போற காரியம். சொல்றீங்களா?

— உங்கண்ணனைச் சொல்லச் சொல்லு.

— மச்சான்தான் சொல்லோணும் ஆத்தாயி. வண்டி அவருது.

— சரி, உடுங்க. கன்னிமார்கிட்ட வெச்சு எடுத்த மஞ்சக் காப்புக் கயிறு இது. கையை நீட்டண்ணா.

— பந்தயம் நடத்தறவனுக்கும் காப்பு உண்டா?

— ஏன், சாமி காரியம்தானே? ஐயோ, அது இல்லை, வலது கை. மாமாவுக்கு நான் கட்டக் கூடாது, புருசனோட அண்ணன் கையைத் தொடற வழக்கம் இல்லை. அதனால நீ அவருக்குக் கட்டு, அவரு உனக்குக் கட்டட்டும்.

— கொண்டா. நீட்டுங்க மச்சான். இப்பவும் சொல்றேன், எஞ்சின்தான் காரணம்.

— இறுக்காதே மாப்ள, கை வெட்டுது. பாதைதான் காரணம். உன் கையைக் காட்டு, நான் எப்படி முடிச்சுப் போடறேன்னு பாரு.

— ஆ! மாட்டைக் கட்டற முடிச்சுங்களா இது?

— நண்டுக்கு இதுதான் முடிச்சு. கட்டியாச்சு ஆத்தாயி, தட்டை எடுத்துக்கிட்டு நீ போ. எந்தம்பியை வரச் சொல்லு, தொட்டியில நெருப்பு சரியா இருக்குதான்னு பார்க்கோணும்.

— அவரு வரமாட்டாருங்க மாமா. நீங்க ரெண்டு பேரும் இங்க கத்திக்கிட்டிருந்தப்போ, ஊர்க்கவுண்டர்கிட்டப் போயிக் காப்பு வேணும்னு கேட்டவ நான்தான். வண்டிக்கு ரெண்டு காப்பு, ஓட்டறவருக்கு ஒண்ணு, கரி கிளறுறவருக்கு ஒண்ணு; கட்டின கைதான் கன்னிமாரைச் சுத்தோணும், கட்டினதுக்கப்பறம் அவுக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லித்தான் கொடுத்தாரு. உங்க தம்பியும் பச்சமுத்தும் வெறுங்கையோட கரை மேல உக்காந்திருக்கறாங்க, நீங்க ஓட்டுங்க, எங்கண்ணன் தொட்டிப் பக்கம் உக்காரட்டும். கொட்டுச் சத்தம் கேக்குதுங்களா, உங்க ரெண்டு பேர் பேரையும்தான் கூப்பிடறாங்க.