காலியா வந்த பாத்திரம்

…அதுவும் காலியா! கழுவித் தொடச்சு, மூஞ்சி பாக்கலாம் போல பளபளன்னு, காலியா! ஏம்மா ட்ரூடி, நம்ம ஜார்ஜியா பக்கம் யாராச்சும் அடுத்த வீட்டு பாத்திரத்த காலியா திருப்பிக் குடுப்பாங்களா? ரெண்டு தக்காளியாவது உருட்டி விட்டிருக்கக்கூடாதா? ஒரு பிடி வேகவெச்ச கடல? ஒண்ணுமில்லாட்டி ஒரு துண்டு சோளரொட்டி? எங்க மாப்ள ராய்ஸ் அத வாசல்லேர்ந்து எடுத்துட்டு வந்து மேசையில வெச்சான் பாரு… ஏதோ சாவு சேதி கொண்டு வந்தவன் மாதிரி வெச்சான்.

நீ கூட்டு, கூட்டு. நான் தடுக்கல. ஸ்கூல் பஸ் ஓட்டுறவ நீ, கூட்டாம விட்டா அந்த பஸ் ஷெட்டுக்காரன் உன்னத்தான கேப்பான்? நான் இப்படி ஒரு ஓரமா… அம்மாடி! இது சீட்டா, தீப்பெட்டியா? முட்டி வந்து மோவாய்ல இடிக்குது. புள்ளைங்க எப்படித்தான் உக்காருதுங்களோ. கால தூக்கணுமா? இந்தா, தூக்கிட்டேன். பிசுக்குன்னு என்னமோ ஒட்டியிருக்கு பாரு, மிட்டாயா?

என் மடியில துண்டு சுத்தி என்ன வெச்சிருக்கேன்னு எட்டிப் பாக்காத. அத அப்பறம் சொல்றேன். மொதல்ல நான் திட்ட வேண்டியது நெறைய இருக்கு.

மாப்ள சாப்புடறதே இல்ல, தெரியுமா உனக்கு? வறுத்த வெண்டைக்காய தட்டுல ஒதுக்கி வெக்கிறான். வறுத்த வெண்டைக்காய! நேத்து பூரா, நல்லா ஓடிட்டிருந்த டிராக்டர அக்கு வேற ஆணி வேறயா கழட்டிப் போட்டு நடுவுல உக்காந்திருக்கான். "என்ன மாப்ள ரிப்பேரு?"ன்னா, "ஒண்ணுமில்ல அத்தை, சும்மா பாக்குறேன்"ங்கறான். அந்த டிராக்டர் என்ன பாவம் பண்ணுச்சு?

பேத்தி அதுக்கு மேல. ஏழு வயசுல இவ்ளோ பெரிய பெருமூச்சு எங்கேர்ந்துதான் வருதோ. "மிஸ் ட்ரூடி இப்பல்லாம் என்னோட பேசுறதில்ல பாட்டி, குட்மார்னிங் மட்டுந்தான்"ங்கறா டெஸ்ஸி. ஏம்மா, எங்க மேல கோவம்னா புள்ள என்ன பண்ணுவா?

என்ன, கோவமில்லியா? அப்பறம் எதுக்கு அந்த ஒரே எடத்த இவ்ளோ நேரமா கூட்டுற?

இந்தப் புள்ளையாலதான எல்லாம் ஆரம்பிச்சுது. என் மக கோரலீ செத்துப் போயி மூணு வருஷம். அவ போனப்ப இது நாலு வயசுப் புள்ள. ராய்ஸ் ஒத்த ஆளா வளத்தான். நான் பக்கத்துலதான் இருக்கேன், ஆனா நான் கை வெச்சா அவனுக்குப் பிடிக்காது. "நானே பாத்துக்கறேன் அத்தை." சரி, பாத்துக்கோ. தலை பின்னுவான் பாரு… வைக்கோல் கட்டுற கயிற முறுக்குற மாதிரி முறுக்குவான். புள்ள ரெண்டு பக்கமும் ரெண்டு தாம்புக்கயிறு தொங்க விட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போகும். நான் வாயத் தொறக்கல. சரி, தொறந்தேன். கொஞ்சந்தான் தொறந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் பாத்தா, நெருக்கமா, வழவழன்னு ரெண்டு சடை, நுனியில பச்ச ரிப்பன்! "யாருடி பின்னுனது?"ன்னு கேட்டேன். "மிஸ் ட்ரூடி. ரயில் கேட்டுல பஸ் நின்னப்ப"ங்கறா. இந்த ஊர்ல பொறந்து வளந்தவ நான், சரக்கு ரயில் எவ்ளோ நீளம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ரெண்டு சடை பின்னுற நீளம்! அதுக்கப்பறம் டெஸ்ஸி தெனம் ரயில் வரணும்னு ஜெபம் பண்ணுவா, தெரியுமா? சாப்பாட்டு ஜெபத்துல! "ஆண்டவரே, இந்த உணவுக்கு நன்றி, நாளைக்கு ரயில் லேட்டா வரட்டும், ஆமென்."

சிரிக்கிற. சிரி, சிரி. சிரிச்சா கன்னத்துல குழி விழுதுன்னு ராய்ஸ் சொன்னான். ஐயோ, இல்ல, அவன் சொல்லல. அவன் எங்க சொல்லுவான்? வெதர் நியூஸ் சொல்ற மாதிரி, "அவங்க சிரிச்சாங்க அத்தை"ன்னான். குழிய நானா பாத்துக்கிட்டேன்.

அப்பறந்தான் அவன் உனக்கு பீச் பழம் குடுக்கணும்னான். வந்துது பாரு அந்தப் பாத்திரம். நீலப்பூ போட்ட, அடுப்புல வெச்சு சுடுற பாத்திரம். பழம் போச்சு. நீ அதுலயே பழத்த மாவு போட்டு சுட்டு அனுப்புன. அவன் கடல வேகவெச்சு அனுப்புனான். நீ கோழியும் அரிசியும் சீஸும் போட்டு அனுப்புன. அவன் தக்காளி, நீ சோளரொட்டி… கோடைகாலம் பூரா அந்தப் பாத்திரம் ஊர்வலம் போச்சு! எனக்கு அதுல ஒரு வாய் சுட வேணும்னா அது கையில இல்ல. கேட்டா, "அது ட்ரூடி வீட்ல இருக்கு அத்தை." "பாத்திரம் அவ வீட்ல இருக்கு சரி, நீ எங்க இருக்க மாப்ள?"ன்னு கேட்டேன். காது செவந்து போச்சு அவனுக்கு. பெரிய ஆம்பள, காது மட்டும் பள்ளிக்கூடப் பையனாட்டம்.

இதுவும் சொல்லிடறேன்… அந்தக் கோழிச்சோற அவன் மூணு தடவ போட்டுக்கிட்டான். என்னோடத ரெண்டு தடவதான். நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல.

வெச்சுக்கிட்டேன். அத விடு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த வெளக்குமாத்த ஒரு நிமிஷம் நிறுத்து.

போன ஞாயித்துக்கெழம. சர்ச்சு முடிஞ்சு, ஓக் மரத்தடியில நீட்டு மேசை போட்டு எல்லாரும் வீட்லேர்ந்து கொண்டு வந்தத வெச்சிருக்கோம். நீ அந்த நீலப்பூ பாத்திரத்துல சுட்டுக் கொண்டு வந்து என்னோடதுக்குப் பக்கத்துலயே வெக்கிற. பாஸ்டர் பொண்டாட்டி ஒரு கரண்டி எடுத்து வாயில போட்டுட்டு, "இந்த மாதிரி நம்ம சர்ச்சுல யாரும் சுட்டதே இல்ல!"ங்கறா. என் பாத்திரம் பக்கத்துல ஆவி பறக்க உக்காந்திருக்கு, ட்ரூடி! எத்தன வருஷமா சுடறேன் நான்!

வாய் சும்மா இருந்துச்சா? "ஆங், அது எங்க கோரலீயோட பாத்திரமாச்சே! எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும்"னு… அப்படியே மேசை பூரா கேக்குற மாதிரி…

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. உன் கை கரண்டியோட நின்னுச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஊறுகா எடுக்கப் போற மாதிரி போயிட்டேன். மறுநாள் காலையில பாத்திரம் காலியா வாசப்படியில இருக்கு.

நீ என்ன நெனச்ச? செத்தவ எடத்துல வந்து உக்காராதடின்னு சொல்றேன்னு நெனச்ச. அப்படித்தான? தலையாட்டாத, எனக்குத் தெரியும். அந்த எடத்துல நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்.

கொஞ்சம் பொறாமதான், இல்லேங்கல. ஆனா பாதிதான் பொறாம. மீதி… நான் அழுவேன்னு பயந்து, என் முன்னாடி அவ பேர யாரும் எடுக்கறதே இல்ல ட்ரூடி. சர்ச்சுலயும் இல்ல, கடையிலயும் இல்ல. வீட்ல ராய்ஸும் எடுக்கறதில்ல. அன்னிக்கு அந்தப் பாத்திரத்தப் பாத்ததும் கோரலீன்னு சத்தமா சொல்லணும் போல இருந்துச்சு. சொன்னேன். அது போயி உன் மேல விழுந்துடுச்சு.

இரு, இன்னும் முடியல. அந்தப் பாத்திரத்த யாரு எடுத்ததுன்னு நெனச்ச? ராய்ஸா? அவன் பீச் பழத்த காகிதப் பையில போட்டுக் கட்டிட்டான். நான்தான் புடுங்கிக் கொட்டுனேன். "பையில குடுக்கறியே, வெக்கமா இல்லியா மாப்ள?"ன்னு சத்தம் போட்டுட்டு, அலமாரியிலேர்ந்து அத எடுத்தேன். வேற பாத்திரம் இல்லாம இல்ல. எட்டு இருக்கு. ஆனா பைன்னா குடுத்தா குடுத்ததுதான். பாத்திரம்னா திரும்பி வரணும். வரும்போது எதாவது கொண்டு வரணும். நீ எப்படிப்பட்டவன்னு பாக்கணும்னு இருந்துச்சு எனக்கு.

பாத்தேன். நீ அனுப்புன பழத்தயோ கோழியயோ சொல்லல. பாத்திரத்துக்கு அடியில ஒரு டேப் ஒட்டியிருக்கும். சாவு வீட்டுக்கு, சர்ச்சுக்கு கொண்டு போறப்ப பாத்திரம் மாறிடக்கூடாதுன்னு நாம எல்லாரும் பேரெழுதி ஒட்டறதுதான். இது கோரலீயே எழுதி ஒட்டுனது. அந்தக் "கோ"வ எப்பவும் கோணலாத்தான் எழுதுவா. அத உரிச்சுட்டுக் குடுக்கலாம்னு நகத்த வெச்சேன். முடியல ட்ரூடி. அப்படியே குடுத்துட்டேன்.

கோடைகாலம் பூரா நீ தேச்சு கழுவியிருக்க. அடுப்புக் கறை ஒரு புள்ளி இல்ல. ஆனா அந்த டேப்புல தண்ணி படவேயில்ல. ஒவ்வொரு தடவ வந்ததும் நான் கவுத்துப் பாப்பேன். சுத்திச் சுத்திக் கழுவியிருக்க. அந்தப் பேரு யாருதுன்னு உனக்கு மொத நாள்லேர்ந்தே தெரியும். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அத நனைக்கவும் இல்ல.

மூக்கத் தொடச்சுக்கோ. எனக்குத்தான் தூசி போயிடுச்சு, உனக்கென்ன?

இந்தா. துண்டப் பிரி. ஆமா, அதேதான். நீலப்பூ. பூசணிக்கா சீஸ் போட்டு சுட்டது, கொஞ்சம் கருகிடுச்சு, ராய்ஸ் மூணு தடவ பக்கத்துல வந்து "ட்ரூடி வீட்டுக்கா அத்தை?"ன்னு கேட்டா கருகாம என்ன பண்ணும்? இப்ப இது காலி இல்ல. அப்படின்னா இப்ப உன் முறை. ஞாயித்துக்கெழம எதாவது போட்டு எடுத்துட்டு வா. டெஸ்ஸி கையில குடுத்து அனுப்பாத, வாசல்ல வெச்சுட்டு ஓடாத, நேரா உள்ள வந்து எங்க வீட்டு மேசையில வை. அந்த டேப்பு ஓரத்துல பிரிய ஆரம்பிச்சுடுச்சு. என்னிக்காவது அதுவா விழும். விழுற வரைக்கும் இப்ப கழுவுற மாதிரியே கழுவு.

சரி, நான் கெளம்பறேன். வெயில்ல நடந்தே வந்தேன், முட்டி ரெண்டும் போச்சு. என்ன, புள்ளைங்கள மட்டுந்தான் ஏத்தணும்னு சட்டமா? ரயில் கேட்டுல சடை பின்னவும் சட்டம் இருக்கா? யாரு பாக்கப் போறா? கதவ மூடு. வீட்டுக்கு ஆத்துப் பக்கமா போ. ராய்ஸோட டிராக்டர் ஷெட்டு அந்த வழியிலதான் இருக்கு.

சுத்து வழின்னு எனக்குத் தெரியாதா? எடு வண்டிய.