எல்லைக்கல்லுக்கு அங்கிட்டு

“என் மாடு அந்நிய தேசத்துல கெடக்குங்க.”

நான் கீரனூரில் ஏறிய திருச்சி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கைக்காரர் சொன்னது இது. தோளில் மாட்டுக் கயிறு. பக்கத்தில், மடியில் தடிப் புத்தகத்தோடு ஒரு வக்கீல். அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். எல்லைக்கல்லைத் தாண்டினால் வெள்ளைக்காரன் ஆளும் சீமை.

“எந்த தேசம்?” என்றார் வக்கீல்.

“கல்லுக்கு அங்கிட்டுதான். ரெண்டு வாய் புல்லு மேஞ்சதுக்குப் புடிச்சு சர்க்கார் பட்டியில அடைச்சுட்டானுக. என் மாடுதான்னு நம்ம மணியக்காரர் சீட்டுக் குடுத்தாரு. வேத்து ராஜா சீட்டு செல்லாதுன்னு பட்டிக்காரன் தூக்கி எறிஞ்சுட்டான்.”

வக்கீல் புத்தகத்தைத் தட்டினார். “தேசங்களுக்கு நடுவுலயும் சட்டம் இருக்குங்க. மனுஷன் எழுதுறதுக்கு முந்தியே இயற்கையில உள்ள நியாயம் அது, எந்த ராஜாவையும் கட்டுப்படுத்தும்னு வெள்ளைக்காரப் பண்டிதர்களே எழுதியிருக்காங்க.”

“அப்ப வாங்க, அதை அவன்கிட்டக் காட்டுவோம்!”

“நமக்குச் செல்லாதே. அந்தச் சட்டத்துல சமஸ்தானம் ஒரு தேசமே இல்லைங்கிறானே வெள்ளைக்காரன்.”

மாட்டுக்காரர் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டார்.

“சீட்டை நீட்டுனா வேத்து தேசம், நியாயம் கேட்டா தேசமே இல்லையா? இந்த நியாயம் இயற்கையில மொளச்சுச்சா, கப்பல்ல வந்து எறங்குச்சா?”