மெட்டி வாங்க ஒரு வாலட்

போச்சம்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஷிப்ட் முடிந்தும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றவில்லை.

“எனக்கு என்ன பிடிக்கும்னு கடைக்காரனுக்கு எதுக்குக்கா தெரியணும்? என் வாலட்டுக்குத் தெரிஞ்சா போதும்,” என்றாள் சின்னவள்.

“அது என்ன வாலட்டு?”

“கிரிப்டோ வாலட்டுக்கா, போன்லயே இருக்கற காசுப்பை மாதிரி. நம்ம விருப்பம், அளவு எல்லாம் அதுக்குள்ளயே இருக்குமாம். கடைக்குக் காசு மட்டும்தான் போகும். விளம்பரம் பின்னாடியே வராது.”

“வந்தா என்ன இப்போ?”

“போன்ல மெட்டி தேடிப் பார்த்தேன். லீவுக்கு ஊருக்குப் போனப்போ அண்ணன் போனை வாங்குச்சு. வரிசையா மெட்டியா வருது. ஃபிரண்டுக்குன்னு சொல்லி சமாளிச்சேன்.”

பெரியவள் அவளுடைய மெட்டியில்லாத கால் விரல்களை ஒருமுறை பார்த்தாள். குரல் தாழ்ந்தது.

“சரி, பார்சல் எங்க வரும்?”

“ஹாஸ்டலுக்குத்தான்.”

“அங்க வர்ற பார்சலையெல்லாம் கேட்லயே வார்டன் பிரிச்சுப் பார்க்கும்ல?”

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

“எங்க வீட்டு அட்ரஸ் போடு,” என்றாள் பெரியவள். “கல்யாணமானவளுக்கு மெட்டி வந்தா யாரு கேக்கப் போறா? உன் கல்யாணத் தேதிய மட்டும் வாலட்டுகிட்ட சொல்லாத. எங்கிட்ட சொல்லு.”